நகலில் இறைவன் எழுந்தருள்வானா?

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982இல் களவுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து 2019இல் தாமிரபரணிக் கரைக்குத் திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் இருந்த 1958ஆம் ஆண்டுப் புகைப்படம் அவரை அடையாளம் காட்ட உதவியது. படத்தைக் கொண்டு அடையாளம் காண முடிவதற்குக் காரணம் உண்டு. மெழுகு வார்ப்பில் மண் கருவை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒரே ஸ்தபதி செய்தாலும் இரண்டு திருமேனிகள் அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை. திருவாசியின் சுடரோ சடையின் விரிப்போ பீடத்தின் விளிம்போ மாறிவிடும். காலங்காலமான அபிஷேகத்தில் மழுங்கிய முகத்தையும், புது வார்ப்பில் உளி விட்ட கூர்மையையும் பழகிய கண் பிரித்தறியும். சிலையின் பழமையைக் கண்ணின் இந்தச் சோதனை சொல்லும். அதில் இறைவன் இருக்கிறானா என்பதையும் சொல்லுமா?

சிவபுரம் நடராஜர் 1950களில் செப்பனிடக் கொடுக்கப்பட்டார். கோயிலுக்கு நகல் வந்தது, அசல் அமெரிக்கா போய் 1986இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. நகலைக் கும்பிட்டவர்களின் வழிபாடு வீணா? இல்லை என்பேன். ஆகம மரபு செம்பைத் தெய்வமாகக் கொள்வதில்லை. திருப்பணியின்போது பாலாலயம் செய்து இறைசக்தியை வேறிடத்துக்கு மாற்றி, பிறகு மீண்டும் எழுந்தருளச் செய்கிறோம். பின்னமான உற்சவருக்குப் பதில் புதியவரை வார்த்துப் பிரதிஷ்டை செய்வதும் உண்டு. பழமைதான் தெய்வத்துக்கு நிபந்தனை என்றால், சோழர் காலத் திருமேனிகூட வார்த்த அன்று தெய்வமாக இருந்திருக்க முடியாது. ஆள்மாறாட்டத்தில் வந்த நகலுக்கு முறையான பிரதிஷ்டை ஏது என்று கேட்கலாம். அந்தக் குறை ஏமாற்றியவரைச் சேரும். அறியாமல் கும்பிட்டவரின் அன்பைத் தொடாது.

அப்படியானால் அசலை ஏன் மீட்க வேண்டும், நகலே போதாதா என்பது இதைவிட வலுவான மறுப்பு. பொய் எங்கே நுழைகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். வேறொரு துறையிலிருந்து ஓர் உதாரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யுகோஸ்லாவியா, ஜெர்மன் மௌசர் துப்பாக்கியின் அமைப்பிலேயே எம்48 ரகத்தைச் செய்து தன் நாட்டு முத்திரையைப் பதித்தது. அது போலி அல்ல. அந்த முத்திரையைத் தேய்த்துவிட்டு நாஜிக் கழுகைப் பொறித்துச் சிலர் விற்கிறார்களே, அப்போதுதான் போலியாகிறது. ஊரறிய வார்த்துப் பிரதிஷ்டை செய்த புதிய நடராஜர் முழுத் தெய்வம். இரவோடிரவாக மாற்றி வைத்தது களவின் மூடி. அதைப் பொறுத்துக்கொண்டால், தலைமுறை தலைமுறையாகத் திருமஞ்சனம் செய்த ஊரின் உரிமையைக் கள்வனுக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஆகவே பாபநாசம் முதல் ஆத்தூர் வரை தாமிரபரணிக் கரைக் கோயில்கள் ஒவ்வொன்றும் தன் உற்சவர்களை முன்னும் பின்னும், பீடத்தின் அடிவரைக்கும் படமெடுத்து, ஒரு பிரதியை ஊருக்கு வெளியே பத்திரப்படுத்தி வைக்கட்டும்.