பிடியரிசிப் பாட்டி

அன்புக்கொடி மக்களே, கொல்லம் 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளிய அய்யா, நம்மிடம் பலி கேட்கவில்லை, காணிக்கை கேட்கவில்லை. கேட்டது தர்மம் ஒன்றே. அந்தத் தர்மத்தை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் பலர். அடுப்படியில் செய்து காட்டியவர்கள் நம் வீட்டுப் பாட்டிமார். அவர்களில் ஒருவரை இங்கே நினைப்போம்.

அகத்தீஸ்வரம் வட்டாரத்துப் பனங்காட்டு ஊர். கணவர் பனையேறி. அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிக் குடும்பம் காத்தவர் அந்தப் பாட்டி. எழுத்து அறியாதவர். ஆனால் திருஏடு வாசிப்பு நடக்கும் பதினேழு நாளும் தாங்கலில் முதல் ஆளாக வந்து உட்காருவார். வாசிப்பவர் ஓர் அடியைத் தவறவிட்டால் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்பார். காதால் கேட்டே அகிலத்தை நெஞ்சில் எழுதிக்கொண்டவர்.

உலை வைக்கும்போதெல்லாம் முதலில் ஒரு பிடி அரிசியை அள்ளி மண்கலயத்தில் போடுவார். சனிக்கிழமை மாலை அந்த அரிசி தாங்கலுக்குப் போய்விடும். மழைக்காலத்தில் பனைத்தொழில் ஓய்ந்து வீட்டில் கஞ்சியே நீர்த்துப் போகும். அப்போதும் அந்தப் பிடி குறையவில்லை. "நமக்கே இல்லாதப்போ எதுக்கு?" என்று மருமகள் கேட்டபோது, "இருக்கும்போது குடுக்கது மிச்சம் மக்கா, இல்லாதப்போ குடுக்கதுதான் தர்மம்" என்றார்.

அவருக்கு இந்த உறுதி எங்கிருந்து வந்தது? அவருடைய பாட்டி சொல்லக் கேட்ட கதைகளிலிருந்து. தலைக்கு வரி கட்டிய காலம், கூலியில்லா ஊழியம் செய்த காலம் அது. சான்றோர் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்த 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு அனுமதி தந்தது. அதற்கு முன்பே அய்யா ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லாச் சாதியாரையும் முத்திரிக்கிணற்றின் ஒரே தண்ணீரில் குளிக்க வைத்தார். தாழ்ந்து கிடந்த ஒருவரைத் தூக்கிவிடும் கை அய்யாவின் கை என்று பாட்டி நம்பினார்.

பள்ளியறையில் ஏன் கண்ணாடி வைத்திருக்கிறார்கள் என்று பேரப்பிள்ளை ஒருநாள் கேட்டான். நமக்குள்ளே அய்யா இருப்பதைக் காண என்று எல்லோரும் சொல்வோம். பாட்டியும் அதைச் சொன்னார். பிறகு, "கண்ணாடியில ஒன்னய மட்டுமா பாத்த? ஒனக்குப் பின்னால நிக்கவனும் தெரிவாம்லா. அவனுக்குள்ளயும் அய்யாதான்" என்றார்.

சொன்னதற்குச் சோதனையும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எல்லைத் தகராறில் பாட்டியின் இரண்டு பனைகளை வெட்டிச் சாய்த்தார். பிழைப்பே பனையை நம்பி இருந்த வீடு. பதினொரு ஆண்டுகள் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. பிறகு அந்த மனிதர் வாதம் வந்து படுத்த படுக்கையானார். அவர் மனைவி கூலிக்குப் போனால் பகலில் கஞ்சி கொடுக்க ஆளில்லை. பாட்டி தூக்குவாளியோடு புறப்பட்டார். மகன் வாசலில் மறித்து, "அம்மா, அவரு வீட்டுக்கா போற?" என்று கோபப்பட்டான். "வழக்கு மரத்துக்குத்தான் மக்கா. வயித்துக்கு ஏது வழக்கு?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெட்டிய பனை முளைக்கவில்லை. நட்டத்துக்கு ஈடும் வரவில்லை. பாட்டி கேட்கவும் இல்லை. ஆனால் இன்று அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஞாயிறுதோறும் தாங்கலில் அன்னம் விளம்ப வந்து நிற்கிறார்கள். பொறுமை தோற்றுப்போவதாக வெளியே தெரியும். அது உள்ளே வேர் விடுவது பிறகுதான் தெரியும்.

பாட்டி போய்விட்டார். கலயம் பரணில் இருக்கிறது. இன்று பல வீடுகளில் மாதச் சம்பளம் வருகிறது, வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது, மூட்டையாக அரிசி இறங்குகிறது. அந்த ஒரு பிடி மட்டும் நின்றுபோயிற்று. பாட்டியின் படத்துக்கு மாலை போட்டு, நல்லவர் என்று பேசிவிட்டு எழுந்தால் நினைவு அங்கேயே முடிந்துவிடும். அவர் விட்ட இடத்திலிருந்து அரிசி அள்ளினால் அது தொடரும்.

ஆகவே அன்புக்கொடி மக்களே, பரணில் கிடக்கும் கலயத்தை இறக்குங்கள். நாளை உலை வைக்கும்போது முதல் பிடியை அதில் போடுங்கள். அந்தப் பிடியைக் குழந்தைகள் கையால் போடச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கும் பக்கத்து வீடு ஒன்று இருந்தால், அங்கே பசியோ நோயோ உண்டா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். நம் பாட்டிமார் போன வழி அதுதான். அய்யா காட்டிய வழியும் அதுதான்.

அய்யா உண்டு!