பன்னிரண்டு பங்குகள்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆடும் லாக்ராஸ் என்ற வலைமட்டைப் பந்தாட்டத்தில் ஓர் அணிக்குக் களமிறங்குபவர்கள் 12 பேர். முதல் பிரிவைச் சேர்ந்த ஓர் அணி தரக்கூடிய விளையாட்டு உதவித்தொகைக்கு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 2025 வரை வைத்திருந்த உச்சவரம்பும் 12 முழுத் தொகைகள்தான். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கொரு முழுத் தொகை என்று அதற்குப் பொருளில்லை. அந்த 12-ஐப் பயிற்சியாளர் எத்தனை பேருக்கும் கூறுபோட்டுத் தரலாம். 36 பேர் கொண்ட அணியில் சரிசமமாகப் பிரித்தால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் சரிசமமாகப் பிரிக்கும் பயிற்சியாளரைக் காண்பது அரிது. நல்ல கோல்கீப்பருக்கும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவட்டத்தில் பந்துக்காக மல்லுக்கட்டும் வீராங்கனைக்கும் பெரும்பங்கு போனால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புத்தகச் செலவுதான் மிஞ்சும். அதுவும் இல்லாமல் ஆடியவர்கள் உண்டு.

உச்சவரம்புக்குச் சொல்லப்பட்ட நியாயம் போட்டிச் சமநிலை. பணக்காரப் பல்கலைக்கழகம் திறமைசாலிகளை மொத்தமாக வளைத்துப் போடக்கூடாது என்பது அதன் உட்பொருள். பலன் அப்படி அமையவில்லை. 2005 முதல் 2012 வரையிலான எட்டு ஆண்டுகளில் ஏழு முறை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமே பட்டம் வென்றது. விதி சமப்படுத்தியது கல்லூரிகளின் செலவில் ஒரு பகுதியைத்தான். பயிற்சியாளரின் திறன், மைதானம், பல்கலைக்கழகத்தின் பெயர் ஆகியவை அதற்குள் அடங்கவில்லை. அந்த அரைகுறைச் சமத்துவத்துக்கு விலை கொடுத்தவர்களும் கல்லூரிகள் அல்ல. மீதிக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டிய மாணவிகள். நியாயம் யாருக்கு உரியது, அணிக்கா ஆளுக்கா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி.

பழைய விடை அரிஸ்டாட்டிலுடையது. சிறந்த குழலை யாருக்குத் தருவது என்று 'அரசியல்' நூலில் அவர் கேட்கிறார். உயர்குடிப் பிறப்புக்கோ அழகுக்கோ அல்ல, நன்றாக வாசிப்பவருக்கே என்பது அவர் தீர்ப்பு. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதுவே அதைப் பங்கிடும் அளவுகோல். இதன்படி உதவித்தொகை சிறந்த ஆட்டக்காரிக்குப் போக வேண்டும். ஆனால் உதவித்தொகை கட்டும் பணம் வகுப்பறைக்கு உரியது. அதன் நோக்கம் ஆட்டமா படிப்பா என்பதிலேயே தகராறு. படிப்பு என்று முடிவுகட்டியவை ஐவி லீக் பல்கலைக்கழகங்கள். 1954 உடன்படிக்கையின்படி அவை விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் வசதியைப் பார்த்தே உதவுகின்றன. அப்படியிருந்தும் பிரின்ஸ்டன் 1994, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றது.

மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட 'நீதிக் கோட்பாடு' கேள்வியை இன்னும் பின்னுக்குக் கொண்டுபோகிறது. பிறவித் திறமைக்கு யாரும் தகுதியால் உரிமை கொண்டாட முடியாது. உழைக்கும் மனப்பாங்குகூடக் குடும்பமும் சூழலும் தந்ததே என்கிறார் அவர். இந்த வாதத்துக்கு லாக்ராஸைப் போலப் பொருத்தமான ஆட்டம் குறைவு. பால்டிமோரிலும் லாங் ஐலண்டிலும் வேரூன்றிய ஆட்டம் இது. மட்டை, கிளப் கட்டணம், கோடைக்காலப் போட்டிகளுக்கான பயணம் எல்லாம் பெற்றோர் கைக்காசு. எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளிடமே கல்லூரிகள் வாய்மொழியாக இடம் பேசிவைத்த காலமும் இருந்தது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் ஆள்சேர்ப்புப் பேச்சே கூடாது என்று 2017-இல்தான் விதி வந்தது. அந்த வயதில் கண்ணில் பட்டது திறமையா, பெற்றோரின் வருமானமா என்று பிரித்தறிவது கடினம்.

இன்னொரு மெய்யியலாளரான ராபர்ட் நோசிக் இதை மறுப்பார். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினைப் பார்க்க ரசிகர்கள் மனமுவந்து காசு கொடுத்தால் அவர் பணக்காரராவதில் அநீதி எங்கே என்பது அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பெண்கள் லாக்ராஸில் அது செல்லாது. இங்கே பணம் பெரும்பாலும் நுழைவுச்சீட்டில் வருவதில்லை. பல்கலைக்கழகத்தின் பொதுப்பையிலிருந்து வருகிறது. பொதுப்பையில் கை வைக்கும்போது பங்கீட்டுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

சட்டமும் ஒரு காரணத்தைக் கோருகிறது. கூட்டரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் 'டைட்டில் நைன்' சட்டமே பல கல்லூரிகளில் பெண்கள் லாக்ராஸ் தோன்ற ஒரு காரணம். 85 உதவித்தொகைகளை விழுங்கிய ஆண்கள் அமெரிக்கக் கால்பந்துக்கு ஈடுகட்ட, நிறையப் பேர் ஆடும் பெண்கள் ஆட்டம் தேவைப்பட்டது. சமத்துவக் கணக்குக்காக வந்த ஆட்டம் என்பதால் அதை ஆடுபவரின் உரிமை குறைந்துவிடாது.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசம், அதாவது கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசம், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 12 என்ற வரம்பை நீக்கியது. அணியில் 38 பேருக்கு மேல் கூடாது. அத்தனை பேருக்கும் முழுத் தொகை தரலாம், தரவேண்டிய கட்டாயமில்லை. ஐவி லீக் இதில் சேரவில்லை. வசதியுள்ள கல்லூரிக்கும் இல்லாததற்கும் இடைவெளி இனி வெளிப்படையாகவே விரியலாம். ஆனால் மாணவியின் கட்டணத்தைக் குறைக்க மனமுள்ள கல்லூரியை விதி தடுக்காது. அதே சமரசத்தின் சுமார் 280 கோடி டாலர் இழப்பீட்டில் பெரும்பகுதி ஆண்கள் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து, டைட்டில் நைனை முன்வைத்துப் பெண் விளையாட்டு வீரர்கள் சிலர் மேல்முறையீடு செய்தனர்.