முற்றத்துப் பலகையும் கொல்லாமையும்

சிவகாசி, விருதுநகர்ப் பகுதியின் வறண்ட வெயில் பட்டாசுத் தொழிலுக்கு உகந்தது. முற்றத்து மரப்பலகைக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் அதுவே காவல். ஐப்பசி மழையில் மண் நனைந்ததும் கறையான் ஏறுகிறது. சிந்திய பண்டத்தை நாடி எறும்பு வருகிறது. உடனே நாம் மருந்துப்பொடியைத் தேடுகிறோம்.

எறும்பும் கறையானும் மூவறிவுயிர்கள். இல்லறத்தார்க்குத் தொழிலில் நேரும் இம்சை முற்றும் தவிர்க்கவொண்ணாதது. கருதிக் கொல்வதோ விலக்கப்பட்டது. பொடி தூவுதல் இவற்றுள் எது? பொருளைக் காப்பதும் கடமையன்றோ எனலாம். ஆயின், அசட்டையால் உயிர்க்கு ஊறு செய்தலையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என்கிறது. எனவே குற்றம் பொடி தூவும் கையில் தொடங்கவில்லை. ஈரமண்ணில் ஊன்றவிட்ட பலகைக்காலிலும் துடைக்காத எச்சத்திலும் தொடங்குகிறது.

கால்களைக் கல்மேல் நிறுத்துவோம். உண்ட இடத்தை அந்திக்கு முன் துடைப்போம். முனிவர் மயிற்பீலியால் இடத்தை மெல்ல வருடி அமர்வதுபோல் நாமும் பார்த்து அமர்வோம். வாராமற் காத்தலே இல்லறத்தார்க்குரிய கொல்லாமை.