அஸருக்கு நேரமாகிறது

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஒரு வாலிபர் எழுந்து வந்து ஸலாம் சொல்லி என் பக்கத்தில் அமர்ந்தார். பரங்கிப்பேட்டைக்காரராம். தம் கைப்பேசியில் வந்திருந்த ஒரு செய்தியை என்னிடம் காட்டினார். உலகம் கண்ட செல்வந்தர்களிலெல்லாம் பெரியவர், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டை ஆண்ட மன்ஸா மூஸா என்ற முஸ்லிம் மன்னர் என்பதே அந்தச் செய்தி. "பார்த்தீர்களா ஹஜ்ரத், நம்மவர் ஆட்சி எப்படி இருந்திருக்கிறது!" என்றார். முகத்தில் அவ்வளவு பூரிப்பு.

செய்தியில் உண்மை இல்லாமலில்லை. மன்ஸா மூஸா 1324ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வழியில் கெய்ரோ நகரில் தங்கியபோது வாரி இறைத்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலையே இறங்கிவிட்டது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எழுதிய அல்உமரீ என்ற ஆசிரியர், விலை இன்னும் பழைய நிலைக்கு ஏறவில்லை என்று குறித்திருக்கிறார். இதை நானும் அந்த வாலிபருக்குச் சொன்னேன். அவர் முட்லூரில் இறங்கிப் போய்விட்டார். ஆனால் "நம்மவர் ஆட்சி" என்ற அந்தச் சொல் மட்டும் என்னோடு சிதம்பரம் வரை வந்தது. நம்மவர் ஆட்சி என்பதை எதை வைத்து அறிவது? தங்கத்தின் எடையை வைத்தா? அரசரின் பெயரை வைத்தா? பள்ளிவாசல்களின் எண்ணிக்கையை வைத்தா?

மாலி நாட்டையும் நம்முடைய இந்தச் சோழமண்டலக் கரையையும் ஒரே மனிதர் தம் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்தாம் மொராக்கோ நாட்டுத் தஞ்சா நகரத்தவரான இப்னு பதூதா. அவரிடமே கேட்போம்.

அவர் மாலிக்குப் போனது 1352ல். மன்ஸா மூஸா மறைந்து, அவருடைய சகோதரர் மன்ஸா சுலைமான் ஆண்டுகொண்டிருந்த காலம். ஸஹாரா பாலைவனத்தில் தகாஸா என்ற ஊரில் வீடுகளையும் பள்ளிவாசலையும் உப்புப் பாளங்களைக் கொண்டே கட்டி, மேலே ஒட்டகத் தோலைக் கூரையாகப் போட்டிருந்தார்கள். பாலைவனத்தைக் கடந்து வலாத்தா என்ற ஊருக்கு வந்த பின், தலைநகரை நோக்கிய பாதையில் துணைக்குக் கூட்டம் தேவையில்லை, அவ்வளவு பத்திரமான வழி என்கிறார். மூன்றே தோழர்களுடன் கிளம்பியிருக்கிறார். கையில் பணம்கூட வேண்டியதில்லை. உப்புத் துண்டும் கண்ணாடி மணியும் வாசனைச் சரக்கும் இருந்தால் போதும்; கிராமத்துப் பெண்கள் கம்பு, பால், கோழி, அரிசி எல்லாம் கொண்டுவந்து மாற்றிக் கொள்வார்கள். வழியில் பெருமரம் ஒன்றின் பொந்துக்குள் ஒருவர் தறி போட்டு நெய்துகொண்டிருந்ததைப் பார்த்து அதிசயித்ததாகவும் எழுதுகிறார்.

ஜும்ஆ நாளில் முன்கூட்டியே போகாதவருக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. அதனால் பையனிடம் தொழுகைப் பாயைக் கொடுத்தனுப்பி இடம் பிடித்து வைப்பார்களாம். ஒரே ஒரு பழைய சட்டைதான் இருக்கிறதென்றாலும் அதைத் துவைத்து வெளுத்து உடுத்திக்கொண்டு வருவார்களாம். பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்யத் தவறினால் விலங்கு பூட்டி வைப்பார்கள். பெருநாளன்று காஜியார் வீட்டுக்குப் போனபோது அவருடைய மக்களே விலங்கோடு இருந்தார்களாம். (நம் மதரஸா உஸ்தாதுமார் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்!) அரசரின் முன்னால் மக்கள் தம் தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு பணிந்ததும், புலவர்கள் பறவை வேஷம் கட்டி வந்து பாடியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே எழுதிவிட்டார்.

ஆனால் அந்த நாட்டு மக்களிடம் தாம் கண்ட நல்ல குணங்களில் முதலாவதாக அவர் எழுதியது தொழுகையை அல்ல. அநியாயம் அங்கே குறைவு, அநியாயம் செய்தவரை அவர்களுடைய அரசர் விடுவதில்லை என்பதைத்தான் முதலில் எழுதுகிறார். தொழுகையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. வெளியூர் வியாபாரி அங்கே இறந்து போனால், அவருடைய பொருள் எவ்வளவு பெரிதானாலும் அரசு அதில் கை வைக்காது. உரிய வாரிசு வரும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கும்.

இதற்குச் சான்றாக ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு ஜும்ஆவன்று அபூ ஹஃப்ஸ் என்ற வியாபாரி பள்ளிவாசலில் எழுந்து நின்று, மன்ஸா சுலைமானை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நீதிமன்றத்திற்கு அழைக்கிறேன், ஜமாஅத்தாரே நீங்கள் சாட்சி என்று உரக்கச் சொன்னார். அரசர் அமரும் தடுப்புக்குள்ளிருந்து ஆட்கள் வந்து, உமக்கு அநியாயம் செய்தவர் யார் என்று விசாரித்தார்கள். வலாத்தாவின் அதிகாரி 600 மிஸ்கால் பெறுமான சரக்கை எடுத்துக்கொண்டு 100 மிஸ்கால்தான் தருவேன் என்கிறார் என்றார் வியாபாரி. அந்த அதிகாரி வரவழைக்கப்பட்டார். வழக்கு காஜியிடம் போனது. தீர்ப்பு வியாபாரியின் பக்கம். அதிகாரிக்குப் பதவி போயிற்று.

இதைப் படித்துவிட்டு மாலி சுவர்க்க பூமி என்று எண்ணிவிடக் கூடாது. அபூ ஹஃப்ஸுக்கு எழுந்து பேச நாவிருந்தது, அவர் வியாபாரி. ஆனால் இப்னு பதூதா ஊர் திரும்பிய அதே வியாபாரக் கூட்டத்தில் ஏறத்தாழ 600 அடிமைப் பெண்கள் பாலைவனத்தைக் கடந்து கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் யாரும் எந்தப் பள்ளிவாசலிலும் எழுந்து நின்றதாக நமக்குச் செய்தி இல்லை. தங்கத்தின் கணக்கைச் சொல்லும் வாலிபர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி நம் கரைக்கு வருவோம். மாலிக்குப் போவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1340களில், இப்னு பதூதா இலங்கையிலிருந்து கப்பலேறி இந்தப் பக்கம் வந்தார். அரபிகள் நம் கரைக்கு இட்டிருந்த பெயர் மஅபர். கரையை நெருங்கும் வேளையில் புயலில் கப்பல் உடைந்துபோகும் நிலை. இரவு முழுவதும் உடைந்த கப்பலின் பின்புறத்தில் ஒண்டிக்கொண்டு கிடந்தவரை, காலையில் படகு கொண்டுவந்து கரையேற்றியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இந்த மண்ணின் பிற சமயத்து மக்கள். பனையின் விளைபொருளும் மீனும் கொடுத்து உபசரித்தார்கள்.

அப்போது மதுரையைத் தலைநகராகக் கொண்டு மஅபரை ஆண்டவர் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. இப்னு பதூதா டில்லியில் இருந்தபோது மணந்த பெண்ணின் சகோதரியைத்தான் இந்தச் சுல்தான் மணந்திருந்தார். ஆக இருவரும் சகலைகள். சுல்தான் ஆளனுப்பித் தம் பாசறைக்கு வரவழைத்தார்.

அந்தப் பாசறையில் கண்டதை அவர் மறைக்கவில்லை. காடுகளில் பிடிபட்ட பிற சமயத்தாரின் தோளில் கூரிய கழுமரங்களைச் சுமக்க வைத்துக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் பாசறையின் நான்கு வாசல்களிலும் அதே மரங்களில் அவர்களை ஏற்றினார்கள். அவர்களுடைய பெண்களையும் பிள்ளைகளையும்கூட விட்டு வைக்கவில்லை. யுத்தத்திலேயே பெண்களையும் சிறுவர்களையும் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது மக்தபுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு நாள் சுல்தானின் வலப்பக்கம் காஜியும் இடப்பக்கம் இப்னு பதூதாவும் அமர்ந்து உணவருந்திக் கொண்டிருக்கையில், ஒருவரை மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவிலேயே மூன்று பேருக்கும் தீர்ப்பு. இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. காஜியார் ஏதேனும் சொன்னதாக அவர் எழுதவில்லை.

மற்றொரு நாள். மீண்டும் ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சுல்தான் ஏதோ சொன்னார். காவலர்கள் கத்தியை உருவினார்கள். இப்னு பதூதா அவசரமாக எழுந்தார். எங்கே போகிறீர் என்றார் சுல்தான். அஸர் தொழப் போகிறேன் என்றார் இவர். சுல்தானுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரித்தார். அந்த மனிதருடைய கைகளையும் கால்களையும் வெட்டச் சொன்னார். தொழுதுவிட்டுத் திரும்பியபோது அவர் இரத்தத்தில் புரண்டுகொண்டிருந்தார்.

சகோதரர்களே, இந்த இடத்தில் கிதாபை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். தொழுகை மூமினின் மிஃராஜ் என்று மிம்பரில் ஏறிச் சொல்பவர்கள் நாம். இங்கே அது எதற்குப் பயன்பட்டது? பார்க்கக் கூடாததைப் பார்க்காமலிருக்க ஒரு வாசலாக! அந்த வாசல் எப்படிப்பட்டதென்று அந்தக் கொடுங்கோலருக்கே தெரிந்திருந்தது, அதனால்தான் சிரித்தார்.

ஃபிக்ஹு கிதாபுகளில் நாம் ஓதிய மஸ்அலா ஒன்று உண்டு. ஒருவர் பர்ளு தொழுகையிலேயே நிற்கிறார். எதிரே கண் தெரியாத ஒருவர் கிணற்றை நோக்கிப் போகிறார், அல்லது ஒருவர் தண்ணீரில் மூழ்குகிறார். அப்போது காப்பாற்றும் சக்தியுள்ளவர் தொழுகையை முறித்துவிட்டுப் போய்க் காப்பாற்றுவது கடமை. ஹனஃபிகளும் ஷாஃபியீகளும் இதில் வேறுபடவில்லை. தொழுகையை முறித்தாவது ஓர் உயிரைக் காக்க வேண்டுமென்றால், ஓர் உயிரை விட்டுவிட்டுப் போவதற்காகத் தொழுகையைத் தொடங்கலாமா? அதுவும் அஸர்! வக்து விசாலமானது; சற்றுப் பொறுத்துத் தொழுதாலும் அதாவாகத்தான் இருக்கும்.

ஆனால் இப்னு பதூதாவுக்காகவும் பேச வேண்டும். டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் கோபத்திற்கு ஆளான ஒரு ஷைகைச் சந்தித்த ஒரே காரணத்தால் காவலில் வைக்கப்பட்டு, உயிர் மிஞ்சுமோ என்று அஞ்சியவர் அவர். அரசர்களின் கத்தி எவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். உயிருக்கு அஞ்சியவரின் மௌனத்தை மார்க்கம் மன்னிக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆயினும் பயம் மட்டுமா இருந்தது? மாலத்தீவுக்குப் படை அனுப்ப வேண்டுமென்று அவர் இந்தச் சுல்தானிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. காரியம் ஆக வேண்டியவர் அவர். இதே மனிதர் பின்னாளில் மாலியில் விருந்தாளிக்குரிய சன்மானமாக மூன்று ரொட்டியும் ஒரு துண்டு மாட்டிறைச்சியும் ஒரு சுரைக்குடுக்கைத் தயிரும் வந்தபோது, அரசரின் முன் நேரே எழுந்து நின்று, உம்மைப் பற்றி மற்ற சுல்தான்களிடம் நான் என்ன சொல்வது என்று கேட்டுத் தங்கம் வாங்கியிருக்கிறார். தம் பங்குக்கு நாவு எழுந்தது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி இருக்கிறது. மர்வான் பெருநாள் தொழுகைக்கு முன்பே குத்பாவைத் தொடங்கியபோது ஒரு மனிதர் எழுந்து, தொழுகைதான் முதலில் என்றார். மர்வான் கேட்கவில்லை. அங்கிருந்த அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள், இந்த மனிதர் தம் கடமையை நிறைவேற்றிவிட்டார் என்று கூறி, தீமையைக் கண்டால் கையால், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் என்ற பிரபலமான ஹதீஸை அறிவித்தார்கள். நாம் ஹதீஸை மனனம் செய்துவிட்டோம். எழுந்து நின்ற அந்தப் பெயர் தெரியாத மனிதரை மறந்துவிட்டோம்.

இவ்வளவும் எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன், இதே கடலூர் சிதம்பரம் பாதையை ஒட்டிய ஓர் ஊரில் இமாமாக இருந்தேன். கணவர் இறந்து இத்தா முடிந்த ஒரு பெண்மணி, இரண்டு பெண் பிள்ளைகளோடு ஜமாஅத்தில் முறையிட்டிருந்தார். வீடு முழுவதும் தங்களுக்கே என்றனர் கணவரின் சகோதரர்கள். கணக்கு எளியது. பெற்றோர் உயிரோடில்லை, ஆண் மக்கள் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, இரு பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டு, மீதிதான் சகோதரர்களுக்கு. வீட்டை 24 பங்கு வைத்தால் 19 பங்கு அந்தத் தாய்க்கும் மக்களுக்கும். 5 பங்கு சகோதரர்களுக்கு. சகோதரர்களில் மூத்தவர் மதரஸாப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவில் பாதியை ஏற்றிருந்தவர். "ஹஜ்ரத் என்ன சொல்கிறீர்கள்?" என்று சபையில் கேட்டார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "அஸருக்கு நேரமாகிறது" என்று எழுந்துவிட்டேன். பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்த மூத்தவர் லேசாகச் சிரித்தார். தொழுகை முடிந்து வந்தபோது காகிதத்தில் அந்தப் பெண்மணியின் கைரேகை விழுந்திருந்தது.

எனக்கு எந்தச் சுல்தானின் கத்தியும் எதிரில் இல்லை.

இப்னு பதூதா ஒன்று செய்தார். 1355ல் ஃபாஸ் நகரில் தம் பயண நூலைச் சொல்லி எழுதுவித்தபோது, சகலையென்றும் பாராமல் கியாஸுத்தீனின் கொடுமைகளைச் சொன்னார். சுல்தான் தம்மைப் பார்த்துச் சிரித்ததையும் விடாமல் சொன்னார். உறவினருக்கும் ஏன் தனக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று சூரத்துன் நிஸாவின் 135ஆம் ஆயத்தில் அல்லாஹ் கட்டளையிட்டிருப்பதற்கு அது காலம் கடந்த ஒரு பணிதல் என்றே எண்ணுகிறேன்.

பேருந்தில் அந்த வாலிபரைச் சந்தித்த மறுவாரம் விசாரித்துக்கொண்டு போனேன். அந்தப் பெண்மணி இப்போது கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருக்கிறார். மூத்த மகள் தையல் வேலைக்குப் போகிறாள். 24 பங்கின் கணக்கைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்" என்றார். ஆம் என்றேன். அதன் நகல் ஒன்றைப் பதிவுத் தபாலில் அந்த ஜமாஅத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.