மணியின் நாதம் அடங்கும்போது

தீபாராதனையின்போது அர்ச்சகர் இடக்கையால் மணியை அசைக்கிறார். நாதம் எழுந்து, நீண்டு, மெல்ல மெலிந்து மறைகிறது. அதைப் பின்தொடரும் மனம், நாதம் முடியுமிடத்தில் பற்றிக்கொள்ள ஏதுமின்றி நிற்கிறது. பிரணவத்தைப் பற்றிக் கூறும் தியானபிந்து உபநிஷதம், இடையறாத எண்ணெய் ஒழுக்கையும் நீண்ட மணியோசையையும் உவமைகளாகக் காட்டுகிறது.

இன்று பல ஆலயங்களில் முரசு, மணி, தாளம் மூன்றையும் மோட்டார் பொருத்திய ஒரே பொறி ஒலிக்கிறது. கல் மண்டபத்தில் ஓர் அடியின் எதிரொலி அடங்குமுன் அடுத்த அடி விழுகிறது. மெலிந்து மறைய நாதத்திற்கு அவகாசமே இல்லை. அர்ச்சகர் ஓதும் மந்திரம் அவர் செவிக்கே எட்டுவதில்லை. இறைவனுக்கு எட்டும், அது வேறு விஷயம்.

அப்படியானால் உரத்த வழிபாடே கூடாதா? நவத்வீபத்தில் ஸ்ரீவாசரின் இல்லத்தில் ஸ்ரீசைதன்யர் இரவெல்லாம் நாமசங்கீர்த்தனம் செய்தார், கதவுகளை அடைத்துக்கொண்டு. அப்படியும் உறக்கம் கெடுகிறது என்று ஊரார் குறைகூறியதை அவரது சரித நூல்கள் மறைக்கவில்லை. ஆக, இந்தப் பிணக்கு ஐந்நூறு ஆண்டுப் பழையது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று பாடியவர்களுக்குத் தொண்டை கட்டியது, மிருதங்கம் வாசித்த கை ஓய்ந்தது. உடலின் களைப்பே ஓசைக்கு எல்லையாயிற்று. ஒலிபெருக்கிக்குக் களைப்பு ஏது? வட இந்தியாவில் விடிய விடிய நடைபெறும் ஜாகரணங்களில் பாடுவோர் முறை மாற்றிக்கொள்கின்றனர். அடுத்த வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு மாற்றாள் கிடையாது.

விதி யக்ஞத்தைவிட ஜபம் பத்து மடங்கும், பிறர் செவிக்கு எட்டாத உபாம்சு ஜபம் நூறு மடங்கும், மானச ஜபம் ஆயிரம் மடங்கும் மேலானவை என்கிறது மனுஸ்மிருதி. குரல் குறையக் குறையப் பயன் பெருகும் இந்தக் கணக்கை நாம் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டன. பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் கூறவில்லை என்று, சென்னையிலுள்ள ஒரு தேவாலயம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் சுட்டிக்காட்டியது. அக்கருத்து எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். அவ்வாண்டே செய்யப்பட்ட ஒரு திருத்தம், மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றோடு வழிபாட்டிடங்களையும் அமைதி மண்டலப் பட்டியலில் சேர்த்தது. (மாநில அரசு அறிவித்தால்தான் ஓரிடம் அமைதி மண்டலமாகும் என்று 2017-இல் விதி மாறியது.) ஆலயம் அமைதிக்குரிய இடம் என்பதைச் சட்டம் நமக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது!

சில மாலைகளில் பூஜை நடுவே மின்சாரம் நின்றுவிடுகிறது. பொறி ஓய்கிறது. அர்ச்சகரின் கைமணி கேட்கிறது, மந்திரம் சொல் சொல்லாகக் கேட்கிறது, கற்பூரம் எரியும் மெல்லிய ஓசைகூடக் கேட்கிறது. கூப்பிய கரங்களோடு அன்பர்கள் அசையாமல் நிற்கின்றனர். மின்சாரம் திரும்பியதும் யாரோ ஒருவரின் கை பொத்தானை நோக்கிப் போகிறது.