தீட்டாத ஒளி

நிலவொளி வரையப்படுவதா, விட்டுவைக்கப்படுவதா என்னும் வினா, 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆங்கிலேய அச்சோவியத்தில் இறையியல் வினாவாகவே ஆழம் பெறுகிறது. 1912இல் கத்தோலிக்கத்தைத் தழுவிய எஃப். எல். கிரிக்ஸ், முந்தைய நூற்றாண்டின் ஓவியர் சாமுவேல் பாமர் வழிநின்று, இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுப்பகுதியின் பழங்கட்டடங்களையும் கற்பனைத் தேவாலயங்களையும் 'எட்சிங்' முறையில் படைத்தார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடங்களை அமிலம் அரிக்கவிட்டு, அக்குழிகளில் மை நிரப்பி ஈரத்தாளில் அழுத்தி எடுப்பதே அம்முறை.

நிலவு தோய்ந்த அவருடைய 'ஓல்பென் மேனர்' அச்சில், நெருக்கமாகப் பின்னிய கோடுகள் இருளை ஆக்குகின்றன. ஒளியோ ஊசி தீண்டாத இடத்தில் எஞ்சும் தாளின் வெண்மையே. இறைவனை 'இன்னதன்று, இன்னதன்று' என விலக்கி விலக்கியே அறிய முயலும் எதிர்மறை இறையியலுக்கு இது மிக நெருக்கமானது. ஆயினும் வெற்றுத்தாள் நிலவாகாது. சுற்றிலும் பொறுமையோடு இழைத்த கோடுகளே அவ்வெண்மையை ஒளியாக்குகின்றன. ஆகவே இறைவனைப் பற்றியும் மௌனம் மட்டுமே ஞானமாகிவிடாது. சொல்லின் எல்லைவரை உழைத்துச் சென்றவரின் மௌனமே மெய்ப்பொருளைச் சுட்டவல்லது என்பதே இக்கலை தரும் விடை.