பேசாமல் சேர்வதும் பேசிவைத்துச் சேர்வதும்

நால்வர் சதுரங்கத்தில் ஒருவர் வெளியேறி மூவர் மிஞ்சும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதுவரை எதிரெதிரே அமர்ந்தவர்கள் தங்களுக்கு இடையில் இருப்பவர்களை நெருக்குவார்கள். அதை யாரும் குறை சொல்வதில்லை. மூவரானதும் பின்தங்கிய இருவரும் சேர்ந்து முன்னிலைக்காரரை மறிக்காவிட்டால் அவர்கள் மீள வழியே கிடையாது. அப்படிச் சேர்வது ஆட்டமா, சதியா?

திருவனந்தபுரத்துக்கு இந்தக் கேள்வி பழகியது, பலகைக்கு வெளியே. 2024 மக்களவைத் தேர்தலில் இங்கே காங்கிரஸின் சசி தரூர், பாஜகவின் ராஜீவ் சந்திரசேகரை 16,077 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூன்றாவதாக வந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பன்னியன் ரவீந்திரன் பெற்றதோ ஏறக்குறைய இரண்டரை லட்சம். மும்முனைப் போட்டியில் சாவி எப்போதும் மூன்றாமவரின் ஆதரவாளர்கள் கையில். தங்கள் வாக்கை வேறு கட்சிக்குத் திருப்பிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு கேரளத்தில் தேர்தல்தோறும் எழுகிறது. ஆனால் தன் வேட்பாளர் தேறமாட்டார் என்று தானே கணித்து வேறொருவருக்கு வாக்களிப்பவரை யாரும் குற்றவாளி என்பதில்லை. கட்சிகள் திரைமறைவில் பேசி முடித்தன என்றால்தான் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது.

சதுரங்கத்தில் இதற்குப் பேர்போன வழக்கு, உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்க நடந்த 1962 குராசோ போட்டி. பெட்ரோசியான், கெரஸ், கெல்லர் ஆகிய மூன்று சோவியத் வீரர்களும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா. மூவரும் சக்தியை மிச்சம் பிடித்து மற்றவர்கள்மேல் பாய்ந்தார்கள் என்று அதே போட்டியில் ஆடிய அமெரிக்கர் பாபி ஃபிஷர் பத்திரிகையில் பொரிந்து தள்ளினார். (அவர் அவர்களைவிட மூன்று புள்ளியாவது பின்தங்கியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) அடுத்த சுழற்சியிலேயே உலக சதுரங்கக் கூட்டமைப்பு எல்லோரும் எல்லோருடனும் ஆடும் அந்த முறையைக் கைவிட்டு, ஒருவருக்கு ஒருவர் மோதும் நாக்-அவுட் போட்டிகளுக்கு மாறியது.

ஆனால் கூட்டு என்றாலே களங்கம் இல்லை. வங்காளத்து ரகுநந்தனரின் 'திதிதத்துவம்' விவரிக்கும் பழைய நால்வர் ஆட்டத்தில் நட்பரசர் விதியிலேயே உண்டு. சிறைபட்ட மன்னர்களை மாற்றிக்கொண்டு வீழ்ந்தவர் மீண்டும் களமிறங்கலாம். நால்வருக்கும் தெரிந்த கூட்டு அது. குராசோவில் எழுந்த சந்தேகம், மற்றவர்களுக்குத் தெரியாத கூட்டைப் பற்றியது.

இன்றைய நால்வர் ஆட்டத்தில் வெல்ல வாய்ப்பே இல்லாதவர், பிடிக்காதவரைத் தோற்கடிக்க மட்டும் தன் ராணியைத் தூக்கிக் கொடுத்தால்? ரகசிய ஒப்பந்தம் இல்லை, விதிமீறலும் இல்லை. ஆனாலும் உறுத்துகிறது: மற்றவர்கள் அவரைப் போட்டியாளராக எண்ணியே காய் நகர்த்தினார்கள். இதை உபதேசத்தால் தடுக்க முடியாது. புள்ளிக்கணக்கு ஓரளவு தடுக்கும். சுமார் 1030இல் அல்பிரூனி பதிவுசெய்த இந்திய நால்வர் ஆட்டத்தில் மன்னருக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3 என்று வெட்டிய காய்க்கெல்லாம் மதிப்பு இருந்தது. இன்றைய இணைய நால்வர் ஆட்டங்களும் புள்ளி தருகின்றன. இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் வேறுபாடு இருக்கும்வரை, வீழ்கிறவருக்கும் தனக்காக ஆட ஒரு காரணம் மிஞ்சுகிறது.